வைப்பர் முதலில் நின்றது

கார் முதல் தடவை நின்றபோது நாகலக்ஷ்மி அதைத் தன் காலின் பிழையாகத்தான் எடுத்துக்கொண்டாள். இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. கிள்ளிப்பாலம் சிக்னல் தாண்டி வளைகிற இடத்தில், எந்தத் தடுமாற்றமும் காட்டாமல் என்ஜின் அடங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கிளட்சை விட்டுட்டியா?" என்று இடப்பக்கத்து சீட்டிலிருந்து ராமசுப்ரமணியன் கேட்டார்.

"விட்டிருப்பேனாயிருக்கும்."

சாவியைப் பின்னுக்குத் திருப்பி, மறுபடி முன்னுக்குத் திருகினாள். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது.

"மெதுவாப் போனாப் போறும். நமக்கென்ன அவசரம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கூடுதலாக உறுத்தியது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பது வயதுக்குப் பிறகு. வலியசாலைத் தெருவில் அந்த வெள்ளைக் காரை வாங்கிய காலத்தில் ஓட்டியவர் ராமசுப்ரமணியன்தான். அப்போது அவர் செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசர். மகள் விஷ்ணுப்ரியாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஆபீஸ் போவார். விடுமுறை நாளில் மூன்று பேருமாக, மலையடிவாரத்தில் ஆறு ஓடும் கல்லாறு போவார்கள். மகள் படித்து, கல்யாணமாகி, புனேயில் வேலைக்குப் போய்விட்டாள். அவர் பென்ஷன் வாங்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கண்ணில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து, ஆபரேஷன், மறுபடி சொட்டு மருந்து. பார்வை ஓரங்களிலிருந்து கருகிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் மிஞ்சியது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், சாப்பிடவும் குளிக்கவும் தவிர அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ரேடியோ வைத்தால் அணைக்கச் சொல்வார். யாராவது பார்க்க வந்தால், தூங்குகிறார் என்று சொல்லச் சொல்வார். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே, "கல்லாத்துல தண்ணி வந்திருக்கும், இல்லியா?" என்றார்.

"இத்தனை மழை பெய்யறதே. வந்திருக்கும்."

"அந்தச் சத்தம் ஒருக்கா கேட்டாப் போறும் நாகு."

டாக்சி பிடித்துப் போனார்கள். அவர் கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்துச் சற்று நேரம்கூட ஆகியிருக்காது. மேலே சாலையிலிருந்து டிரைவர் ஹார்ன் அடித்துக் கூப்பிட்டான். வேறு சவாரி இருக்கிறதாம். மறுநாளே நாகலக்ஷ்மி கரமனையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பேர் கொடுத்தாள். கூடப் படித்ததெல்லாம் கல்லூரிப் பெண்கள். அவர்கள் அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு, பிரேக்கைத் தேடுகிற அவள் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். லைசன்ஸ் வந்தபிறகு சொந்தக் காரை எடுத்து அக்ரகாரத் தெருவிலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினாள். கோயில் வாசலுக்கு எதிரே வண்டியை அணையவிடாத நாள் இல்லை. டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரியும். அவற்றைப் பார்த்தாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். போகப்போக அதுவும் பழகிவிட்டது.

பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது கல்லாறு போனார்கள். தயிர்சாதம், மாகாளிக்கிழங்கு, ஃப்ளாஸ்கில் காப்பி. நெடுமங்காடு தாண்டினால் ரப்பர் தோட்டம் தொடங்கும். ஜன்னலை இறக்கிவிடச் சொல்லி, "இப்போ சுள்ளிமானூர் வந்தாச்சு" என்று காற்றை முகர்ந்தே சொல்வார். கல்லாற்றில் சரோஜத்தின் டீக்கடைக்குக் கீழே ஒரு சாய்ந்த பாறை. அதில் அவரை உட்காரவைத்துவிட்டு, அவள் சரோஜத்தோடு பேசிக்கொண்டிருப்பாள். சரோஜத்தின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பொன்முடி தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பெஞ்சில் உட்காருபவர்களிடம் அவள் மலையாளம் பேசுவாள். நாகலக்ஷ்மியிடம் மட்டும் தமிழ்.

அந்த மழைக்காலத்தில்தான் வண்டி இப்படி நிற்கத் தொடங்கியது. ஒருநாள் ஆற்றுகால் போகிற வழியில் நின்றது. இன்னொரு நாள் பேரூர்க்கடையில், சிக்னலுக்கு நடுவில். ஆட்டோக்காரர்கள் இறங்கித் தள்ளி ஓரம் சேர்த்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் கும்பிட்டாள். "சாரமில்லை மாமி, பரவாயில்லை," என்று சொல்லி ஒருவன் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்துவிட்டுப் போனான். ஆனால் சாவியைத் திருப்பினால் உடனே வண்டி கிளம்பிவிடும். அதுதான் விளங்கவில்லை.

கைமனத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்த ஆன்சனிடம் கொண்டுபோனாள். களியக்காவிளைக்காரன். நாற்பதை ஒட்டிய வயது, கனத்த உடம்பு. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினான். மறுபடி நின்றது. பிளக்குக்குப் போகிற வயர்களை மாற்றினான். மறுபடியும் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும், கடைசியில் இக்னிஷன் காயிலையும் மாற்றினான். ஹோஸ் வைத்து என்ஜின் மேல் தண்ணீர் அடித்துப் பார்த்தான். ஓடிக்கொண்டே இருந்தது. அவனே பாப்பனங்கோடு வரை ஓட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

"எனக்க கையில நிக்கல்ல மாமி," என்றான். "கிளட்ச கொஞ்சம் கூடுதலா மிதிச்சு ஓட்டிப் பாருங்க."

அவன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஆடி பிறந்த சமயம் சுள்ளிமானூர் ஏற்றத்தில் அது நடந்தது. நல்ல மழை. பாதி ஏற்றத்தில் என்ஜின் அடங்கியது. வண்டி பின்னுக்கு உருளத் தொடங்கியது. பின்னால் மரத்தடி ஏற்றிய லாரி. அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, லாரிக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டுகிற அந்த நேரத்தில், ராமசுப்ரமணியன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கலாம் என்று நினைத்தாராம். இரண்டு எட்டு வைத்தவர் ஓரத்து ஓடையில் விழுந்தார்.

லாரியின் கிளீனர்தான் குதித்து வந்து அவரைத் தூக்கினான். முழங்காலில் ரத்தம். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேட்டியெல்லாம் செம்மண் சேறு. லாரிக்காரர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அவர்கள் கிளம்பும்வரை பின்னாலேயே காவலாக நின்றார்.

"எதுக்கு எறங்கினேள்?" வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்று போடும்போது அவள் கேட்டாள்.

"சும்மா உக்காந்திருக்க முடியலை. நீ அங்கே ஒத்தைக்கு."

அவள் பற்றை இன்னும் கொஞ்சம் எடுத்து மணிக்கட்டில் பூசினாள்.

செய்தி கேட்டு விஷ்ணுப்ரியா புனேயிலிருந்து கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். "அம்மா, போறும். அந்த வண்டியைக் குடுத்துடு. ரெண்டு பேரும் இங்கே வந்துடுங்கோ. நான் ராத்திரி தூங்கவே இல்லை, தெரியுமா?"

"வண்டி சரியாயிடும்டி."

"வண்டியா, இல்லை..." என்று ஆரம்பித்து மகள் நிறுத்திக்கொண்டாள். நிறுத்திய சொல் இன்னது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ராமசுப்ரமணியன் போன் இருந்த பக்கமாகக் குனிந்து, "விஷ்ணு சொல்றது சரிதான். குடுத்துடலாம்," என்றார்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கட்டுப் போட்ட கை வலிக்கிறது என்றார். நாகலக்ஷ்மி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டு நின்றாள். அவருக்கும் தன் கால்மீதுதான் சந்தேகம். அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே கல்லாற்றையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலை அவள் கைமனத்துக்கு பஸ்ஸில் போனாள். ஆன்சன் ஒரு ஜீப்புக்கு அடியில் கிடந்தான். அவள் குரல் கேட்டு வெளியே வந்து, கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி, "சாமிக்க கை எப்படி இருக்கு?" என்று கேட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வீக்கம் கொறைஞ்சிருக்கு. ஆன்சன், நீ எங்களோட ஒரு நாள் கல்லாத்துக்கு வரணும். மழையிலே. நான்தான் ஓட்டுவேன், நீ பக்கத்திலே உக்காரணும். என் கால்தான் காரணம்னா, அதை நீ பாத்துச் சொல்லிடு. அப்பறம் நான் சாவியைத் தொடமாட்டேன்."

ஆன்சன் துணியைக் கீழே வைத்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மாமி," என்றான். "நானும் நேத்து முதல் அதத்தான் யோசிச்சோண்டு இருக்கேன். வண்டி நிக்கும்போ நீங்க என்ன கண்டீங்கன்னு இதுவரை நான் கேக்கல்ல. செல்லுங்க. எல்லாம் செல்லுங்க."

அவள் யோசித்துச் சொன்னாள். மழை. ஃபேன் போட்டிருப்பேன், இல்லாவிட்டால் கண்ணாடி புகைகட்டும். வைப்பர் ஓடும். திடீரென்று ஒரு சத்தமும் இருக்காது.

"அப்போ சிவப்பு லைட்டு எரியுமா? பேட்டரி லைட்டு, ஆயில் லைட்டு?"

"எரியாது."

"நல்லா ஓர்த்துச் செல்லுங்க."

"ஓர்த்துப் பாக்க என்ன இருக்கு? கத்துக்கற காலத்துல எத்தனை வாட்டி வண்டியை நிறுத்தியிருக்கேன். கிளட்சை விட்டு நிறுத்தினா ரெண்டும் பளிச்சுனு எரியும். அது எனக்கு மனப்பாடமாக்கும். இதுல ஒண்ணுமே எரியறதில்லை. இருட்டா இருக்கும்."

ஆன்சன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். பிறகு, "ஞாயிறாழ்ச்ச சர்ச்சு விட்டு வாறேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வானம் காலையிலேயே மூடிக்கொண்டிருந்தது. ராமசுப்ரமணியனைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. "நான் எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துண்டு வாங்கோ," என்றார். "நீங்க இல்லாம நான் அந்தப் பக்கம் போனதே இல்லை," என்று சொல்லி அவள் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஆன்சன் முன் சீட்டில் உட்கார்ந்தான். மடியில் ஒரு டெஸ்டரும் நீளமான சிவப்பு வயரும். அவர் பின்னால்.

நெடுமங்காட்டில் மழை பிடித்தது. விதுரை வரும்போது சாலை தெரியாத மழை. ஃபேன் உறுமிக்கொண்டு ஓடியது. ஆன்சன் அவள் காலைப் பார்க்கவே இல்லை, டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விதுரை தாண்டி ஒரு சர்ச்சின் மதிலை ஒட்டி வரும்போது என்ஜின் அடங்கியது. ஒரு விளக்கும் எரியவில்லை. அவள் வண்டியை உருள விட்டே ஓரமாகச் சேர்த்தாள். கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"கண்டேன்," என்றான் ஆன்சன். "மாமி சென்னது சரி. ஒண்ணும் எரியல்ல."

"வைப்பர் முதல்ல நின்னுது," என்றார் பின்னாலிருந்து ராமசுப்ரமணியன்.

இருவரும் திரும்பினார்கள்.

"என்ன சாமி?"

"என்ஜின் நிக்கறதுக்கு முன்னாடி வைப்பர் மெதுவாயிடுத்து. இழுத்துண்டு இழுத்துண்டு போய் நின்னுது. அப்பறந்தான் என்ஜின். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

"ஒவ்வொரு தடவையுமா? ஏன்னா, இதை ஏன் சொல்லவே இல்லை?"

"நீ ஆஃப் பண்றேன்னு நினைச்சேன். வண்டி நிக்கப் போறதுன்னு உனக்குத் தெரிஞ்சு அணைக்கறாய்னு." கொஞ்சம் தயங்கி, "எனக்கு நீ என்ன பண்றேன்னு தெரியாதே. சத்தம்தானே தெரியும்," என்றார்.

ஆன்சன் கதவைத் திறந்து மழையில் இறங்கினான். நாகலக்ஷ்மி குடையை எடுத்துக்கொண்டு ஓடி அவன் தலைக்கு மேல் பிடித்தாள். பானெட்டைத் தூக்கி, காயிலுக்குப் போகிற பழைய வயரைக் கழற்றித் தனியே சுற்றிவைத்தான். தான் கொண்டுவந்த சிவப்பு வயரின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறு முனையைக் காயிலிலும் மாட்டினான்.

"இது எதுக்கு?"

"இப்போ தீப்பொறிக்கு உள்ள கரண்டு சாவி வழியா வராது, நேரே பேட்டரியிலிருந்து வரும். வைப்பரும் ஃபேனும் பழையபடி சாவி வழியாத்தான். கோளாறு சாவிக்குள்ளன்னா வைப்பர் நிக்கும், என்ஜின் நிக்காது. அதுவும் நின்னா, நான் இந்தப் பணிய விட்டுட்டு வாழை வைக்கப் போறேன்."

கிளம்பினார்கள். மூன்றாவது வளைவுக்கு அப்பால் வைப்பர் தடுமாறியது. பாதிக் கண்ணாடியில் தயங்கி நின்றது. ஃபேன் சத்தமும் ஓய்ந்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

"வைப்பர் நின்னுடுத்து," என்றார் ராமசுப்ரமணியன். பிறகு முன்னால் குனிந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினார். "நாகு, என்ஜின் ஓடறதே."

"ஓடறது. ஆனா எனக்கு ரோடு தெரியலை."

"ஜன்னல இறக்கி வெளிய பாத்து ஓரம் பிடியுங்க மாமி. தெறமா ஓட்டுதீங்க," என்றான் ஆன்சன்.

அவள் தலையை வெளியே நீட்டி, மழையில் முகம் நனைய, வண்டியை ஒரு ரப்பர் ஷீட் கொட்டகையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்தியபிறகும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சீராக, அலுங்காமல். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள். தோள் குலுங்கியது. ஆன்சன் வெளியே மழையைப் பார்த்தான்.

"சாவி ஸ்விட்சு தேஞ்சு போச்சு," என்று பிறகு மெதுவாக விளக்கினான். "மழையானா வைப்பரும் ஃபேனும் ஒண்ணா ஓடும். அவ்வளவு கரண்டும் அதுவழியா போகும்போ உள்ள சூடாகி விட்டுப்போகுது, சிவப்பு லைட்டுக்கு உள்ள கரண்டும் அதோட போகுது. திருப்பிப் போட்டா திரும்பவும் ஒட்டும். நான் வெயிலில ஓட்டினேன், வைப்பர் போடாம. பின்ன எனக்கெப்படி நிக்கும்? வேண்டாத சாதனமெல்லாம் மாத்தினேன், மாமி. மாமிக்க காலில ஒரு குத்தமும் இல்ல."

ராமசுப்ரமணியன் பின்னாலிருந்து கையை நீட்டினார். கட்டு அவிழ்த்த கை, இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. அவள் தோளைத் தேடிப் பிடித்து, அங்கேயே வைத்திருந்தார்.

மழை வெறிக்கக் காத்திருந்து, மெல்ல ஓட்டிக் கல்லாறு போய்ச் சேர்ந்தார்கள். நனைந்து நின்ற மூவரையும் பார்த்து சரோஜம் அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினாள். பால் விடாத கட்டன்சாயாவில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். ஆன்சனுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மற்ற இருவருக்கும் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த, வாழைப்பழ பஜ்ஜியான ஏத்தம்பழப் பொரி.

"கையில என்ன சார் வீக்கம்?"

"விழுந்தேன். அது போட்டும். சரோஜம், இவ ஓட்டித்தான் இங்கே வந்தோம்."

"எப்பவும் அம்மாதானே ஓட்டுதாங்க?" என்றாள் சரோஜம் புரியாமல்.

"ஆமாம். இன்னிக்குச் சொல்லணும்னு தோணித்து."

நாகலக்ஷ்மி சாயா டம்ளரை உதட்டில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் கலங்கி, பாறைகளை மூடிக்கொண்டு போனது. ஆன்சன் மரச்சீனியை மீன்சாற்றில் புரட்டித் தின்றுகொண்டே, "எனக்க அம்மையும் இப்படித்தான் வைப்பா," என்று சரோஜத்திடம் சொல்லி இன்னொரு தட்டு வாங்கினான். கிளம்பும்போது நாகலக்ஷ்மி அவனிடம், "உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை ஆன்சன்," என்றாள்.

"செல்லாண்டாம் மாமி. நீங்க ரெண்டு பேரும் பாத்ததும் கேட்டதும்தான். எனக்கு ஒரு வயர் செலவு."

மறுநாள் புது ஸ்விட்ச் போட்டான். பழையதைப் பிரித்து ராமசுப்ரமணியன் கையில் வைத்தான். அவர் விரல் நுனியால் அந்தச் செம்புத் தகட்டைத் தடவிப் பார்த்தார். நடுவில் ஒரு சின்னக் குழி. சுற்றிலும் கரி. "இத்தனூண்டு குழியா?" என்றார். விரலை எடுக்கவே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரே புனேக்குப் போன் போடச் சொன்னார். "விஷ்ணு, வண்டி சரியாயிடுத்து. அம்மா மேல ஒரு தப்புமில்லை. அதை முதல்ல கேட்டுக்கோ," என்றார்.

"அம்மா இருக்காளா அங்கே?"

"இருக்கேன்டி."

"மழையிலே தலையை வெளியே நீட்டிண்டு ஓட்டினியாமே. ஆன்சன் சொன்னான். அவனைத்தான் கூப்பிட்டுக் கேட்டேன்." குரல் தழைந்தது. "ஓணத்துக்கு வரேன். என்னையும் கூட்டிண்டு போ."

"வா. பின்சீட்டு உனக்குத்தான்."

அடுத்த ஞாயிறும் மழை விடவில்லை. வலியசாலையிலிருந்து கிளம்பும்போதே வைப்பர் போட வேண்டியிருந்தது. இத்தனை நாளும், முதல் தடவை வண்டி நின்றதிலிருந்து, ராமசுப்ரமணியன் முதுகு சாய்ந்து உட்கார்ந்ததே இல்லை. ஒரு கை கதவுப் பிடியில், ஒரு கை ஹேண்ட்பிரேக்கின் பக்கத்தில், காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். நெடுமங்காடு வரை அப்படித்தான் இருந்தார். சுள்ளிமானூர் ஏற்றத்தில் அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கை மடிக்கு வந்திருந்தது. விதுரை தாண்டும்போது தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிப்போயிருந்தார்.

அவள் கியரை மாற்றும்போதுகூடச் சத்தம் வராமல் மாற்றினாள்.

கல்லாறு வந்தது. சரோஜத்தின் கடைக்குப் பக்கத்தில் பலாமரத்தடியில் வண்டியைச் சேர்த்து, சாவியைத் திருப்பி அணைத்தாள். அவரை எழுப்பவில்லை. சரோஜம் கடையிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். நாகலக்ஷ்மி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கண்ணாடியை அரைவாசி இறக்கினாள். ஈரக் காற்றோடு தண்ணீர்ச் சத்தம் உள்ளே வந்தது. இந்த மனுஷனுக்குத் தூக்கத்தைக் கொடுத்த எல்லோரையும் அவள் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டாள். லாரிக்காரர், அந்தக் கிளீனர், பேரூர்க்கடை ஆட்டோக்காரர்கள், ஆன்சன். அவர்கள் பாதிப் பேருக்குப் பேர்கூடத் தெரியாது.

வெகுநேரம் கழித்து அவர் அசைந்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டு காதைக் கொடுத்தார்.

"வந்தாச்சா?"

"வந்து நேரமாச்சு."

"எழுப்பியிருக்கலாமோல்லியோ. வண்டி நின்னதே எனக்குத் தெரியலை."

"நான்தான் நிறுத்தினேன்," என்றாள் நாகலக்ஷ்மி.

அவர் சிரித்தார். பிறகு கதவைத் திறந்து, அவள் சுற்றி வந்து கையைக் கொடுக்கும்வரை, காலை வெளியே வைக்காமல் காத்திருந்தார்.